அறுபத்தஞ்சு வரட்டும்

மாரியாயிக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை ஐந்து வயது வரைக்கும்தான் அவளை அம்மா என்று கூப்பிட்டது. அதற்குப் பிறகு அவள் பதினேழு வருஷம் உயிரோடு இருந்தாள். அத்தனை வருஷமும் அந்த ஒரு சொல்லுக்காகவே காத்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று நினைப்பீர்கள். நான் பக்கத்து வீட்டுக்காரன். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் யாரும் தும்மக்கூட முடியாது.

ஸ்ரீரங்கத்தில் அடையவளைஞ்சான் தெருவில் எங்கள் ஸ்டோர் இருந்தது. ஸ்டோர் என்றால் கடை இல்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கிணறு. மூன்றாவது குடித்தனம் நல்லுசாமியும் மாரியாயியும். நாலாவது நானும் என் மனைவி வள்ளிக்கண்ணுவும். நல்லுசாமியும் நானும் திருச்சி ஜங்ஷனில் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் ஆபீசில் சார்ட்டர்கள். ரயிலில் வந்து இறங்கும் தபால் பைகளை அவிழ்த்து, கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து, எதிரே நிற்கும் மரப்பெட்டியின் சின்னச் சின்ன அறைகளுக்குள் வீச வேண்டும். விலாசத்தைப் படிப்பதற்கும் கை வீசுவதற்கும் நடுவில் யோசிக்க நேரம் கிடையாது. நல்லுசாமி அதில் கெட்டிக்காரன். முசிறிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை; ஜில்லாவிலுள்ள தபாலாபீஸ் அத்தனையையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

அப்படிப்பட்டவன் மேல் உத்தியோகத்துக்கான இலாகாப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றான். வேலை தெரியாமல் இல்லை, இங்கிலீஷ் வராமல். இரண்டாம் தடவை அவனைத் தாண்டிப் போனவன், அவனிடமே ஊர் பெயர் கேட்டுக் கேட்டு வேலை பழகிய பையன். அந்தப் பையனுடைய அப்பா வக்கீல். வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் வரும். நல்லுசாமி அன்றைக்கு என்னோடு பஸ்ஸில் வந்தான். காவேரிப் பாலம் தாண்டியது. இறங்கும்போது சொன்னான்.

"மருதை, இங்கிலீஷ் வண்டியில நமக்கு முன்னாடியே எல்லாரும் எடம் புடிச்சு உக்காந்துட்டாங்கய்யா. இந்தி வண்டி இன்னும் பிளாட்பாரத்துக்கே வரல. எம் புள்ள அதுல மொத ஆளா ஏறணும்."

இது ஐம்பத்திரண்டில். அரசியல் சட்டத்தில் பதினைந்து வருஷக் கெடு வைத்திருந்தார்கள். அறுபத்தைந்து ஜனவரி இருபத்தாறுக்குப் பிறகு டில்லி சர்க்காரின் காரியம் முழுக்க இந்தியில் நடக்கும் என்று ஏற்பாடு. அதைப் பேப்பரில் படித்த லட்சம் பேர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நல்லுசாமி ஒருவன்தான் அதை ரயில் அட்டவணை போல நம்பினான். தென்னூரில் நடந்த இந்தி வகுப்புக்குப் போனான். பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று வரிசையாகப் பரீட்சை எழுதி ஜெயித்தான். ஜெயித்துப் பழக்கமில்லாதவன் ஜெயிக்க ஆரம்பித்தால் கொஞ்சம் ஆபத்துதான்.

அவனுடைய நம்பிக்கைக்கு ஒரு காரணமும் வைத்திருந்தான். இந்தியில் விலாசம் எழுதிய கடிதங்கள். முதலில் நாளைக்கு மூன்று நாலு வரும். பட்டாளத்து ஆட்கள் எழுதுவது, பெரிய கடைவீதி சேட்டுகளுக்கு வருவது. இரண்டு வருஷத்தில் அது பத்தாயிற்று, பிறகு இருபது, பிறகு ஒரு கட்டு. அவன் அந்தக் கட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவான். "பாத்தியா மருதை, எப்படி வளருதுன்னு? பேப்பர்காரன் பொய் சொல்லுவான், பை பொய் சொல்லாது" என்பான். நான் பேசாமல் தலையாட்டுவேன். விஷயம் என்னவென்றால், எங்கள் ஆபீசில் இந்தி படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அது தெரிந்ததும் எல்லா ஷிப்டுக்காரர்களும் இந்தி விலாசத்தைக் கண்டால் புரியவில்லை என்று ஒதுக்கி, சேர்த்துக் கட்டி, அவன் மேஜைக்குத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். நானும் தள்ளினேன். மற்றவர்களைவிட நான்தான் அதிகம் தள்ளினேன், பக்கத்து மேஜை என்பதால். நாட்டில் இந்தி வளர்ந்ததோ இல்லையோ, எங்கள் சோம்பேறித்தனம் வளர்ந்தது. அதை அவன் நாடு என்று நினைத்துக்கொண்டான்.

இதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கட்டை நான் பிரிக்க வேண்டியிருக்கும்.

அந்த ஐம்பத்திரண்டாம் வருஷ விஜயதசமிக்கே பையன் ரெங்கராஜுக்கு எழுத்தறிவித்தார்கள். ஸ்டோரே கூடியிருந்தது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பையனின் விரலைப் பிடித்து நல்லுசாமி எழுதினான். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த அகரம் இல்லை அது. மாரியாயி பக்கத்தில் சர்க்கரைப் பொங்கலோடு நின்றிருந்தாள். என்ன எழுத்து என்று கேட்டாள். இந்தியில் அ என்றான். அப்போதே அவன் சட்டத்தையும் சொல்லிவிட்டான். இன்றையிலிருந்து இந்த வீட்டுக்குள் பையன் இந்திதான் பேச வேண்டும். அப்பா இல்லை, பிதாஜி. அம்மா இல்லை, மாதாஜி. சிரித்தோம். நல்லுசாமி சிரிக்கவில்லை.

மாரியாயி பெரிய வாய்க்காரி என்று சொல்ல முடியாது. ஆனால் பிடிவாதக்காரி. "உங்க புள்ளைக்கு என்ன வேணா சொல்லிக் குடுங்க. எங்கிட்ட அந்தப் பேச்சைப் பேசச் சொல்லாதீங்க. எனக்கு வராது" என்று அன்றைக்குச் சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் அப்பனும் பிள்ளையும் பேசியது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நாளாக ஆக அவளுக்கு எல்லாம் புரிந்தது; எனக்கே சுவரைத் தாண்டிப் பாதி புரிந்ததென்றால் அவளுக்குப் புரியாமலா இருக்கும். தண்ணீர் என்று இந்தியில் கேட்டால் கொண்டுவந்து கொடுப்பாள். பதில் மட்டும் தமிழில் வரும், அல்லது வராது.

பையன் முதல் இரண்டு மூன்று மாதம் அப்பன் டியூட்டிக்குப் போனதும் கிணற்றடிக்கு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ரகசியமாக, அம்மா அம்மா என்று ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டு ஓடுவான். அன்றைய பங்கு முடிந்துவிட்டதென்று அவள் சிரித்துக்கொண்டே வள்ளிக்கண்ணுவிடம் சொல்வாள். ஒருநாள் ஷிப்டு மாறி நல்லுசாமி சீக்கிரமே வந்துவிட்டான். கேட்டுவிட்டான்.

அவன் அடித்திருந்தால் தேவலை. அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளை தப்புச் செய்தால் தகப்பன் பட்டினி கிடக்க வேண்டும் என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். அடுத்த நாளும் அப்படியே. காந்தி செய்தார் என்று எவனெவனோ செய்த கூத்தில் இது ஒன்று. பெரிய மனுஷன் பட்டினி கிடந்தால் சர்க்கார் பயப்படும். இவன் பட்டினி கிடந்தால் ஐந்து வயதுப் பிள்ளை பயந்தது. அப்பா செத்துப் போய்விடுவாரா என்று என்னிடம் வந்து கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே போய், யோவ், ஒரு தாயைக் கூப்பிட்டதற்கு இந்த ஆட்டமா என்று சத்தம் போட்டேன். அவன் பொறுமையாக, அறுபத்தஞ்சு வரட்டும், அப்போது பேசு என்றான்.

மூன்றாம் நாள் காலையில் மாரியாயி பிள்ளையைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். துவட்டிக்கொண்டே சொன்னதை வள்ளிக்கண்ணு கேட்டாள்.

"மாதாஜின்னே கூப்புடு சாமி. அப்பா சாப்புடட்டும். நான் அதுக்கே என்னன்னு கேக்குறேன்."

அவள் வாயாலேயே விட்டுக் கொடுத்துவிட்டாள். பையன் சொன்ன பேச்சைக் கேட்கிற பையன். அன்றையிலிருந்து அவன் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

நல்லுசாமி கெட்டவனா என்றால் இல்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தான். டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பேட்டா, கானா காயா?" என்பான். மகனே, சாப்பிட்டாயா என்று அர்த்தம். அதைக் கேட்காமல் அவன் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பையன் உள்ளேயிருந்து, காயா பிதாஜி என்பான். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள் அதே குரலில் சொல்லிக் காட்டிச் சிரிக்கும். தெருவில் பையனுக்குப் பெயரே பிதாஜி என்று ஆகிவிட்டது. தெருவில் அவனும் மற்றப் பிள்ளைகள் மாதிரி தமிழ்தான் பேசினான். கொள்ளிடத்து மணலில் விளையாடும்போது கெட்ட வார்த்தைகூடத் தமிழில் சுத்தமாக வரும். ஸ்டோர் வாசல்படி ஏறியதும் பேச்சை மாற்றிக்கொள்வான், செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்டோர் முழுக்க அம்மா பசிக்குது, அம்மா தட்டு எங்கே, அம்மா அண்ணன் அடிக்கிறான் என்று ஒரே இரைச்சலாக இருக்கும். மாரியாயி அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பாள். எந்த வீட்டுப் பிள்ளை அம்மா என்றாலும் அவள் தலை தூக்கிப் பார்ப்பதை நானே பல நாள் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போதெல்லாம் நல்லுசாமியை நாலு அறை அறையலாம் போலிருக்கும்.

ரெங்கராஜ் வளர்ந்தான். பாடமெல்லாம் இங்கிலீஷில் நடக்கும் வகுப்பில் அவனைப் போட்டு, மொழிப் பாடத்துக்குத் தமிழுக்குப் பதில் இந்தி கேட்டு நல்லுசாமி மனு மேல் மனு கொடுத்து வாங்கினான். பையன் இந்தியில் எப்போதும் முதல். தமிழ் படிப்பதென்றால் சினிமா போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படிப்பதோடு சரி. இதற்கு நடுவில் வெளியே பையன்களின் பேச்சு மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் என்னைக் கண்டால் நமஸ்காரம் சார் என்ற பையன்கள் வணக்கம் ஐயா என்றார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காத்திருக்கும்போதுகூட மேடைப் பேச்சு மாதிரி அடுக்கிப் பேசினார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. இந்த ஸ்டோரிலேயே இரண்டு பேர் மாற்றினார்கள். ரெங்கராஜால் அந்தத் தமிழைப் பேச முடியவில்லை. அவனிடம் இருந்தது மணல்மேட்டுத் தமிழ், வீட்டு இந்தி, வகுப்பு இங்கிலீஷ். மூன்றிலும் அவன் குரல் கொஞ்சம் தணிந்துதான் வந்தது.

அறுபத்து நாலு ஜனவரியில் எங்கள் ஸ்டேஷனுக்கு முன்னாலேயே ஒரு மனிதர் இந்தி வேண்டாம் என்று சொல்லித் தன் உடம்புக்குத் தானே நெருப்பு வைத்துக்கொண்டார். விடிகிற நேரம். நல்லுசாமியும் நானும் டியூட்டி முடிந்து வெளியே வரும்போது கூட்டம் நின்றிருந்தது. அதைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். நல்லுசாமி அங்கே ரொம்ப நேரம் நின்றான். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் அவன் வீட்டுக்குள் நுழையும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றினான். வழக்கம்போலப் பிள்ளையிடம் இந்தியில் சாப்பிட்டாயா என்று கேட்டான். 

அறுபத்தைந்து வந்தது. ஜனவரி இருபத்தாறு அன்றைக்கு நல்லுசாமி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, அந்த வயதில் ஒரு புது மாப்பிள்ளை மாதிரி கிளம்பினான். வழியெல்லாம் கறுப்புக் கொடி. ஆபீசில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. அதே பை, அதே முத்திரை, அதே இங்கிலீஷ் பாரம், ஓரத்தில் அதே இந்தி. அவன் எல்லா அலமாரியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தான்.

அதற்கடுத்த நாட்களில் ஊர் பற்றி எரிந்தது. காலேஜ் பையன்கள் ஊர்வலம் போனார்கள். ரெங்கராஜ் அப்போது பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் மத்தியானம் நான் தெப்பக்குளம் பக்கம் வந்தபோது எதிரே ஊர்வலம். ஆயிரம் பையன்களுக்கு நடுவில் அவனும் கையை உயர்த்திக் கத்திக்கொண்டு வந்தான். பிதாஜி என்ற பெயரைத் தொலைக்க வந்திருந்தான் என்று பிறகு என்னிடம் சொன்னான். கொள்கை என்று எனக்கு அவனிடம் எதுவும் தெரியவில்லை. அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக ஒருநாள் இருக்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

தடியடி எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது. கூட்டம் சிதறி ஓடியது. நான் ஒரு பாத்திரக்கடைப் படியில் ஏறி ஒட்டிக்கொண்டேன். ரெங்கராஜ் என் கண் முன்னால் விழுந்தான். நெற்றியில் அடி. விழும்போது கத்தினான். அம்மா என்று கத்தினான். நான் அவனைத் தூக்கிக் குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு, வழியில் ஒரு டாக்டரிடம் தையல் போட்டு, ஸ்டோருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

மாரியாயி அழவில்லை. படுக்கவைத்தாள், இரத்தம் பட்ட சட்டையைக் கழற்றினாள். பிறகு வெளியே வந்து என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். அந்தச் சொல்லையும் சொன்னேன்.

"எப்படிண்ணே சொன்னான்? சத்தமாவா?" என்று கேட்டாள்.

சத்தமாகத்தான் என்றேன். ஒரு தடவையா, இரண்டு தடவையா என்று கேட்டாள். ஒரு தடவை என்றேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் கிணற்றடியில் திரும்பவும் கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். அடி விழுந்தால் யாருக்கும் வருகிற சொல்தானே அது, அவளைக் கூப்பிட்டதில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் நான் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னேன்.

அடிபட்ட அன்று சாயங்காலம் பையன் கண் விழித்தான். மாரியாயி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நானும் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் எதற்குக் காத்திருக்கிறாள் என்று யாருக்கும் புரியும். அவன் உதட்டை நனைத்துக்கொண்டு, மாதாஜி, பானி என்றான். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டுவிட்டேன். ஊர்வலத்தில் இந்தி ஒழிக என்று கத்தத் தெரிகிறது, பெற்றவளை அம்மா என்று கூப்பிட என்ன கேடு என்றேன். அவன் கோபப்படவில்லை. தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"மத்தவங்ககிட்ட பேசும்போது எங்க அம்மான்னுதான் மாமா சொல்றேன். அவங்க மொகத்தப் பாத்துக் கூப்புட வரல. கூச்சமா இருக்கு. வேற யாரோ ஒருத்தரோட அம்மாவக் கூப்புடற மாதிரி இருக்கு."

 அவன் சொன்னது நிஜம். அவனுக்கு அவள் மாதாஜிதான். காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் கை வைத்தவள், பள்ளிக்கூடத்துக்கு டப்பா கட்டிக் கொடுத்தவள், எல்லாம் மாதாஜி.

நல்லுசாமி பிள்ளையின் நெற்றிக் கட்டைப் பார்த்தான், எந்த ஊர்வலத்தில் விழுந்தது என்று தெரிந்துகொண்டான். இந்தத் தடவை பட்டினி கிடக்கவில்லை. பத்துப் பதினைந்து நாளில் டில்லியிலிருந்து ரேடியோவில் உறுதி சொன்னார்கள், விரும்புகிற வரைக்கும் இங்கிலீஷும் இருக்கும் என்று. அன்றைக்கு அவன் வீட்டில் தமிழில் பேசினான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"இனிமே அவங்கவங்க இஷ்டம்போலப் பேசிக்கிங்க" என்றான்.

ஆனால் யாரும் பேசவில்லை. பதின்மூன்று வருஷம் ஒரு வழியாகப் போய்ப் பழகிய கால் அது. தமிழில் ஆரம்பித்தால் மூன்று பேருக்கும் வெட்கம். இந்தியில் ஆரம்பித்தால் அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் அந்த ஊர்வலம் வந்து நின்றது. தட்டு வைக்கும் சத்தமும் சொம்பு வைக்கும் சத்தமும்தான் சுவரைத் தாண்டி வந்தன. ஸ்டோரிலேயே அமைதியான வீடு என்று புதிதாகக் குடிவந்தவர்கள் மெச்சினார்கள். நல்லுசாமி ஒருநாள் ஆபீசில் என்னிடம், ஆனா கடிதம் கூடிக்கிட்டேதானே வந்துச்சு மருதை, நான் கண்ணால பாத்தேனே என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்து மேஜையிலிருந்து கட்டைத் தள்ளியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ரெங்கராஜ் டில்லி சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதினான். கேள்வித்தாள் முழுக்க இங்கிலீஷ். அப்பனைத் தோற்கடித்த அதே வக்கீல் வீட்டு இங்கிலீஷ் பிள்ளையையும் தோற்கடித்தது. மாகாண சர்க்கார் வேலைக்குத் தமிழ்ப் பரீட்சை தேறியாக வேண்டும். இரண்டு தடவை எழுதித் தவறினான். தமிழ்நாட்டில், ஸ்ரீரங்கத்தில், தமிழில் தவறிய குடியானவர் வீட்டுப் பிள்ளை. கடைசியில் கடைவீதி சேட்டு ஒருவர் சிபாரிசில், அறுபத்தேழில், ஜபல்பூரில் ஒரு மரக்கிடங்கில் குமாஸ்தா வேலைக்குப் போனான். அங்கே அவனை மதராஸி என்றார்களாம். அவன் பேசுவது புத்தகத்து இந்தி என்று கிடங்கு ஆட்கள் சொல்லிக் காட்டிச் சிரித்தார்களாம். கடிதத்தில் எழுதியிருந்தான். எங்கள் பிள்ளைகள் அவன் அப்பனைப் போல் பேசிக் காட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்த வருஷம் இங்கே பள்ளிக்கூடங்களில் இந்தியையே எடுத்துவிட்டார்கள்.

கடிதங்கள் இந்தியில் வரும். பூஜ்ய மாதாஜி என்று ஆரம்பிக்கும். நல்லுசாமி வாசித்து அர்த்தம் சொல்வான். அவள் அர்த்தத்துக்குக் காத்திருக்க மாட்டாள். அவன் இந்தியில் வாசிக்கும்போதே அவள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு எழுதத் தெரியாது. பதிலுக்கு என்ன எழுதட்டும் என்று அவன் கேட்டால், நல்லா இருக்கேன்னு எழுதுங்க என்பாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் அதே பதில்தான். அதை அவன் இந்தியாக்கி எழுதுவான்.

அறுபத்தொன்பதில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்து முற்றிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். தந்தியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் ரெங்கராஜ் ஒரு பையோடு ஸ்டோருக்குள் வந்தான். இருபத்திரண்டு வயதுதான், இளைத்துக் கறுத்திருந்தான். இரண்டு நாள் ரயிலில் ஒன்றும் வாங்கித் தின்னவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. வள்ளிக்கண்ணு காபி கொடுத்ததற்கு அப்புறம் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினான்.

நல்லுசாமி கதவோரம் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தான். நான் அவனுக்குப் பின்னால். பையன் பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மாதாஜி என்றான். திரும்பவும் மாதாஜி என்றான். அழுகையில் குரல் உடைந்தது. அதைவிடப் பிரியமாக ஒரு மகன் தன் தாயைக் கூப்பிட முடியாது. இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாலு நாளாகப் பேச்சு இல்லாமல் கிடந்தவள். உதடு அசைந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. அவள் வாயிலிருந்து அது வரும் என்று யார் நினைத்தார்கள்.

"பேட்டா," என்றாள். "கானா காயா?"

பதினேழு வருஷத்தில் அவள் பேசிய முதல் இந்தி அதுதான். அவன் அவளிடம் வர மாட்டான், அவனுக்கு வழி தெரியாது என்று கண்டுகொண்டு, கடைசியில் அவளே அவனிடம் போனாள்.  எந்தப் பேச்சை அவள் வாயில் வரவைக்க வேண்டும் என்று நல்லுசாமி நினைத்தானோ, அது வந்துவிட்டது. அவன் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டான்.

காயா, மாதாஜி என்றான் பையன். பச்சைப் பொய். அவள் சமாதானமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேசவில்லை. மத்தியானம் போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் முசிறியிலிருந்து உறவுப் பெண்கள் வந்துவிட்டார்கள். கட்டிப் பிடித்து அழுதார்கள். ரெங்கராஜ் வெளியே சுவரில் சாய்ந்து நின்றான். மயிலம்மாள் என்று மாரியாயியின் அக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டே அவனிடம் வந்து, கடைசியாக உன்னிடம் ஏதாவது பேசினாளா சாமி என்று கேட்டாள். எல்லாப் பெண்களும் அழுகையை நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்தார்கள். நல்லுசாமி கிணற்றடியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அம்மா சாப்டியான்னு கேட்டாங்க பெரியம்மா" என்றான்.

அந்தப் பெண்கள் திரும்பவும் அழ ஆரம்பித்தார்கள். நல்லுசாமி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.  உள்ளே அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்கள். நான் போய் இறைத்துக் கொடுத்தேன்.